சுடலைமுத்து என்றொரு பேர்

சென்னையில் என் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார். சுடலை என்றால் சுடுகாடு. பெற்ற பிள்ளைக்கு இப்படியா பெயர் வைப்பார்கள் என்று மனசுக்குள் ஓடுவது முகத்திலேயே தெரியும். அப்புறம் "முத்துன்னு கூப்பிடட்டுமா சார்?" என்பார். சரி என்று விட்டுவிடுவேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே சுடலைமாடன் காவல் தெய்வம். பெரும்பாலான கோயில்களில் சிலை கூட இருக்காது. மேலே போகப் போகக் குறுகும் ஒரு பீடம்தான் சாமி. கொடை என்கிற கோயில் திருவிழா நாளில் வில்லுப்பாட்டுக்காரர்கள் அவன் பிறப்பைப் பாடுவார்கள். கைலாசத்தில் பிள்ளை வரம் கேட்ட பார்வதி முந்தானையை ஏந்தி நிற்க, விளக்கிலிருந்து தெறித்த சுடர் அதில் விழுந்து பிள்ளையானதாம். அந்தப் பிள்ளை ராத்திரியில் எழுந்து போய் சுடுகாட்டில் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டு வந்து தொட்டிலில் படுத்துக்கொள்ளும். காலையில் பால் கொடுக்க எடுத்த அம்மாவுக்குப் பிண வாடை! இந்த இடத்தில் வில்லடிப்பவர் குரலை இறக்குவார் பாருங்கள், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பொடிசுகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடும். கைலாசத்தில் வைத்திருக்க முடியாமல் பூமிக்கு அனுப்பப்பட்டவன்தான் எங்கள் மாடன். நடுராத்திரியில் நடக்கும் சாமக்கொடையில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவது இன்றும் நடக்கிறது.

சுடுகாட்டிலேயே குடியிருக்கிறவனிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டால் வேறு எந்தப் பேய் பிசாசு அண்டும்? கணக்கு அவ்வளவுதான். பெயர் வைத்தவர்கள் பயந்து வைக்கவில்லை, தைரியத்துக்கு வைத்தார்கள். கூட ஒரு முத்து சேர்ப்பது எங்கள் ஊர் வழக்கம். இசக்கியம்மனுக்கு இசக்கிமுத்து, பேச்சியம்மனுக்குப் பேச்சிமுத்து, காரையாறு சொரிமுத்து அய்யனாருக்குச் சொரிமுத்து. மாடனின் இன்னொரு பெயரான மாயாண்டியும் ஊர் முழுக்க உண்டு. இந்தப் பெயரில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: பல சாதிகளுக்கும் மாடன் குலதெய்வம் என்பதால், சுடலை என்று கேட்டால் ஆள் எந்தச் சீமை என்று தெரியும், எந்தச் சாதி என்று தெரியாது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கத்தால் ஒரே தெருவில் பல சுடலைகள் இருப்பார்கள். கட்டைச் சுடலை, டெய்லர் சுடலை, செவத்த சுடலை என்று அடைமொழி போட்டுத்தான் பிரிக்க வேண்டும். எனக்கும் தாத்தா பெயர்தான். அதனால் அம்மா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாதே! "ஏ ஐயா, சாப்பிட வா" என்பாள். கோபம் வந்தால் "ஏலே". பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற சித்தியை முழங்கையால் இடித்துச் சொல்ல வைத்தாள்.

இப்போது ஊரிலேயே இந்தப் பெயர் அருகிவிட்டது. பிறக்கிற பையன்கள் எல்லாம் 'ஷ்' என்றுதான் முடிகிறார்கள். குலதெய்வத்துக்குக் குறை வைக்கக் கூடாதென்று, மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் காது குத்தும்போது மட்டும் சாமி பெயரைச் சொல்லிவிட்டு, ஆதாரில் வேறு பெயர் போட்டுக்கொள்கிறார்கள். நானும் அதையேதான் செய்தேன். இணையத்தில் வேறு இந்தப் பெயரை ஒரு அரசியல்வாதியைக் கிண்டல் பண்ண எடுத்துக்கொண்டார்கள். கட்சிச் சண்டையில் எங்கள் சாமி என்ன பாவம் செய்தது?

ஆனால் பாஸ்போர்ட் ஆபீஸ் புண்ணியத்தில் பெயர் வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. நம் ஊர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிடுகிறார்களே, அதனால் ஷார்ஜாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி மகளை அங்கே பள்ளியில் 'மிஸ் சுடலைமுத்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை முத்து என்று சுருக்க ஒரு டீச்சர் பார்த்தாராம். முழுசாகச் சொல்லுங்கள் என்று அவள் விடவில்லையாம்.