சமயபுரத்தாளுக்குப் பூ

மாசிக் கடைசி ஞாயிறு. சமயபுரம் மாரியம்மன் மேல் பூவைக் கொட்டி வழிபடுகிற பூச்சொரிதல் தொடங்குகிற நாள். திருச்சியிலிருந்து சமயபுரம் போகிற சாலையெல்லாம் இனி பூ வண்டிகள்தான். நாம்தான் சாமிக்கு விரதம் இருப்போம். இங்கே நமக்காக மாரியம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் அவ்வளவுதான். மகிஷாசுரனை வதைத்த உக்கிரம் தணியத்தான் இத்தனை பூவும் என்பது தலபுராணம். அம்மன் முதலில் ஸ்ரீரங்கத்தில் இருந்தாளாம், அப்புறம்தான் கண்ணனூர் என்கிற இந்தச் சமயபுரத்துக்கு வந்தாளாம். கோயில் நாயக்கர் காலத்தது என்பார்கள்.

விடியற்காலை ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் ஈரச் சாக்கைப் பிரித்ததும் மரிக்கொழுந்து வாசம் தூக்கியது. எங்கள் தெருப் பூத்தட்டு சாயங்காலம் கிளம்புகிறது. வருகிறவர்கள் வாங்க.