இஎம்ஐ மாறல, ஆனா லோன் நீண்டு போச்சு

வட்டி ஏறுதுன்னு நியூஸ் வந்தா எங்க வீட்டுல அப்பா முகம் மலரும், என் முகம் தொங்கிடும். அவருக்கு எஃப்டி, எனக்கு அப்பப்போ வட்டி மாறுற ஃப்ளோட்டிங் ரேட்ல ஹோம் லோன். 2022 மார்ச்ல இருந்து 2023 ஜூலைக்குள்ள அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெட் 11 தடவை வட்டிய ஏத்தி, கிட்டத்தட்ட பூஜ்யத்துல இருந்தத 5.25-5.50 சதவீதத்துக்குக் கொண்டு போச்சுல்ல, எல்லாம் விலைவாசிய அடக்கத்தான், அந்த சமயத்துல நம்ம நாடு உட்பட மத்த நாடுகளும் வரிசையா ஏத்துனாங்க.

நான் என்ன பண்ணேன்னா, மாசாமாசம் போற இஎம்ஐ அதே தொகைதான், அப்பாடான்னு இருந்துட்டேன். ஒரு நாள் ஸ்டேட்மெண்ட எடுத்துப் பாத்தா டெனியூர், அதான் லோன் கட்டி முடிக்கிற காலம், ஏறிக் கிடக்கு!! உக்காந்து எக்செல்ல போட்டேன். 20 வருஷ லோன், 7 சதவீத வட்டி, ஆரம்பத்துலயே அது 8 ஆச்சுன்னு வைங்க, இஎம்ஐய அப்படியே விட்டா 240 மாசம் 296 மாசம் ஆகுது. 9 ஆனா 38 வருஷம், ரிட்டையர் ஆனப்புறமும் கட்டணும் போல. முதல் மாச இஎம்ஐல முக்காவாசி வட்டிக்கே போயிடுது, அசல்ல கால்வாசிதான் கழியுது, அதான் ஒரு சதவீதத்துக்கே இந்த ஆட்டம். இஎம்ஐய ஒரு 8 சதவீதம் கூட்டிக் கட்டியிருந்தா அதே 20 வருஷத்துல முடிஞ்சிருக்கும், யாரும் கேக்கல, நானும் கேக்கல.

சரி அப்பாவாவது ஜெயிச்சாரான்னு பாத்தா அதுவும் இல்ல. எஃப்டி 7 சதவீதம், அதுல 20 சதவீதம் டாக்ஸ் போனா கையில 5.6, விலைவாசி 6 ஏறுனா பணம் வளருற மாதிரி தேயுது. வட்டியே இல்லாம சும்மா வச்சிருந்தா இன்னும் மோசம், 72அ விலைவாசி ஏறுற 6ஆல வகுக்குற குறுக்குக் கணக்குப்படி 12, அதாவது 12 வருஷத்துல அந்தப் பணத்தோட மதிப்பு பாதி. "அதான் பணவீக்கம் குறைஞ்சிருச்சுன்னு சொல்றாங்களே"ன்னாரு. அது ஏறுற வேகம்தான்ப்பா குறைஞ்சிருக்கு, ஏறுன விலை எங்க இறங்குச்சுன்னேன், மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

டெனியூர பழையபடி வச்சு இஎம்ஐய ஏத்துங்கன்னு பேங்க்ல எழுதிக் குடுத்துட்டேன். எக்செல் ஷீட் இப்போ அப்பா கிட்ட, டாக்ஸ் கட்டத்துல பூஜ்யம் போட்டு போட்டுப் பாத்துட்டு இருக்காரு.