இமையில் வளர்ந்த சிவப்புக் கட்டி

மகள் பிறந்தபோது இடது மேல் இமையில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளிதான் இருந்தது. "கிரகண மச்சம்மா, ஒண்ணும் செய்யாது" என்றார் அத்தை. இரண்டாம் மாதத்துக்குள் அது தடித்துக் கருஞ்சிவப்பாகி, பாதிக் கண்ணை மூடிவிட்டது. அழுதால் இன்னும் புடைக்கும். தடுப்பூசி போடப் போன இடத்தில் காட்டினோம். "தானா மறைஞ்சிடும், விடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

முதுகிலோ கையிலோ வந்திருந்தால் பெரும்பாலும் அது சரியான பதில்தான். இது ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்கள் பெருகி உண்டாகும் கட்டி. முதல் ஐந்தாறு மாதம் வேகமாக வளரும், அப்புறம் சில வருடங்களில் மெல்ல வற்றும். ஆனால் கண் அத்தனை வருடம் காத்திருக்காது. கட்டி அழுத்த அழுத்தக் கருவிழியின் வளைவு மாறி, பார்வையை மங்கலாக்கும் சிலிண்டர் பவர் ஏறும். அந்தக் கண்ணின் மங்கல் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால் அது சோம்பேறிக் கண். இதைச் சொன்னவர் குழந்தைகள் கண் மருத்துவர். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், சிலிண்டர் ஏறியிருந்தது. கட்டி உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க டாப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள்.

மருந்து, ப்ரொப்ரானலால். பிபி மாத்திரையைப் பச்சைக் குழந்தைக்கா என்று வீட்டில் ஒரே சண்டை. இதயப் பிரச்சினைக்காக இதைக் கொடுத்த குழந்தைக்குக் கட்டியும் சுருங்கியதை பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்து, 2008-இல் வெளியிட்டார்களாம். அதற்கு முன் இமையிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அரிதாக விழித்திரை ரத்தக்குழாய் அடைத்துப் பார்வையே போனதும் உண்டு. அதைக் கேட்டதும் சண்டை அடங்கியது.

ஈசிஜி எடுத்து, அட்மிட் செய்து, குறைந்த அளவில் தொடங்கினார்கள். நாடி, பிபி, சர்க்கரை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம். எடை கூடினால் அளவும் மாறும்.

நிஜமான வேலை வீட்டில்தான். பால் குடித்த பிறகே மருந்து, இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ அந்த வேளை மருந்து கிடையாது. மூச்சிழுப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம். தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் இதையெல்லாம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியவர் அத்தைதான்.

சில நாளிலேயே நிறம் மங்கிக் கட்டி மெத்தென்றானது. மருந்தைவிடப் பெரிய பாடு, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க நல்ல கண்ணை மூடி ஒட்டிய பட்டை. கை வசப்பட்டதும் பிய்த்துவிடுவாள். முழங்கை மடங்காமல் துணி சுற்றித்தான் சமாளித்தோம். மருந்தை முதல் பிறந்தநாளுக்கு அப்புறம் படிப்படியாக நிறுத்தினார்கள். இமைத் தோல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சிலிண்டர் குறைந்தாலும் கண்ணாடியும் பட்டையும் தொடர்கின்றன.