கொம்பியூட்டருக்குள்ள எது எவ்வளவு கரண்ட் குடிக்குது எண்டு ஷண்ட் வச்சு அளக்கிறது

யூபிஎஸ் வாங்கப் போறாக்கள் என்னட்ட முதல் கேக்கிறது, "அண்ணை, என்ர கொம்பியூட்டர் எத்தினை வோட்ஸ் இழுக்கும்?" எண்டுதான். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், அதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில வீட்டுக்கு வீடு இந்தக் கணக்குத்தான். பிளக்கில செருகிற மீற்றர் மொத்தத்தைச் சொல்லிப்போடும், பவர் சப்ளை சூடாக்கி வீணாக்கிறதையும் சேர்த்து. ஆனா புரொசசர் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு எண்டு பிரிச்சுப் பாக்கிறதெண்டா உள்ள போற வயரில ஷண்ட் ரெசிஸ்டர் போடத்தான் வேணும்.

விசயம் சின்னன். மிகக் குறைஞ்ச ஓம் உள்ள ரெசிஸ்டர் ஒண்டை வயருக்கு இடையில போட்டு, அதின்ர ரெண்டு பக்கத்துக்கும் இடையில விழுகிற வோல்டேஜை அளந்து ஓமால பிரிச்சா அம்பியர், அதை 12 வோல்டால பெருக்கினா வோட்ஸ்.

அந்த வோல்டேஜை அளக்க நான் பாவிக்கிறது ஐஎன்ஏ 226 எண்ட சிப். கடையில வாற மொடியூல் கனக்க 0.1 ஓம் ரெசிஸ்டரோடதான் வரும், கொம்பியூட்டருக்கு அது சரிவராது. சிப்பால 81.92 மில்லிவோல்டுக்கு மேல அளக்க ஏலாது, அப்ப 0.8 அம்பியரோட கதை முடிஞ்சுது. அதோட 10 அம்பியர் ஓடினா 1 வோல்ட் அதிலயே விழுந்து 12 வோல்ட் 11 ஆகிப்போகும், ஏடிஎக்ஸ் எண்ட கொம்பியூட்டர் பவர் சப்ளை விதிப்படி 11.4க்குக் கீழ போகக் கூடாது, ரெசிஸ்டரும் 10 வோட்ஸ் சூட்டில கருகும். அதைக் கழட்டிப்போட்டு 5 மில்லிஓம் போட்டா 16 அம்பியர் மட்டும் அளக்கலாம், 10 அம்பியருக்கு அரை வோட்தான் சூடு. செத்த கிராபிக்ஸ் கார்ட் கிடைச்சா எறியாதேங்கோ, பவர் பிளக்குக்குப் பக்கத்தில ஆர்005 எண்டு எழுதின தட்டைக் கறுப்புத் துண்டு இருந்தா அதுதான் 5 மில்லிஓம்.

இனி முக்கியமான இடம். அளக்கிற ரெண்டு மெல்லிய வயரையும் ரெசிஸ்டரின்ர கால் அடியிலயே தனியா ஒட்டோணும், கரண்ட் போற தடிச்ச வயரில எங்கயாவது ஒட்டினா ஈயம் பிடிச்ச இடத்தின்ர ஓமும் சேர்ந்திடும், அது 1 மில்லிஓம் இருந்தாலே கணக்கு 20 சதவீதம் பிழை. செப்புக் கம்பித் துண்டை ஷண்டா பாவிக்கிற பெடியளும் இருக்கினம், தயவுசெய்து வேண்டாம், செப்பு ஒரு பாகை சூடேற கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஓம் கூடும், எங்கட சித்திரை வெக்கையில காலமை ஒரு கணக்கு மத்தியானம் ஒரு கணக்குத்தான் வரும்.

கறுப்பு வயரில ஷண்ட் போடவே போடாதேங்கோ. திரும்பி வாற கரண்டுக்கு மதர்போட், கேசிங், சாட்டா கேபிள் எண்டு கன வழி இருக்கு, ஷண்டால வாறது அதில ஒரு பங்குதான். 12 வோல்ட் வாற மஞ்சள் வயரிலதான் போடோணும். பவர் சப்ளையின்ர சொந்த வயரை வெட்டத் தேவையில்லை, புரொசசருக்குப் போற 8 பின் பிளக்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி அதின்ர நாலு மஞ்சளையும் வெட்டிச் சேர்த்து நடுவில ஷண்டை வச்சா காணும், கறுப்பு நாலும் அப்பிடியே போகட்டும்.

இப்பிடிப் பாக்கேக்க எனக்குப் பிடிச்சது 3.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க். ஒன் பண்ணின உடன தட்டைச் சுழட்ட 12 வோல்ட் வயரில 2 அம்பியருக்குக் கிட்டப் போகும், சுழண்டு முடிய அரை அம்பியருக்கும் கீழ இறங்கிடும். பிளக் மீற்றர் ஆறுதலா மாறுறபடியா இந்த ஏத்தம் அதில வடிவா தெரியாது, ஆனா நாலஞ்சு டிஸ்க் போட்ட மெஷினுக்கு யூபிஎஸ் எடுக்கிறாக்கள் இதைத்தான் பாக்கோணும்.

கிராபிக்ஸ் கார்டுக்கெண்டா அதின்ர பவர் பிளக்கில ஷண்ட் போட்டது மட்டும் காணாது. கார்ட் செருகிற மதர்போட் ஸ்லொட்டுக்குள்ளாலயும் 12 வோல்டில 5.5 அம்பியர் மட்டும் எடுக்கலாம், 66 வோட்ஸ் அது. அதை அளக்க ரைசர், அதுதான் ஸ்லொட்டுக்கும் கார்டுக்கும் நடுவில போடுற நீட்டுக் கேபிள், ஒண்டு வெட்டோணும், ஆரிட்டயும் பழைய 16 லேன் ரைசர் சும்மா கிடந்தா சொல்லுங்கோ, யாழ்ப்பாணத்துக்குள்ள எண்டா நானே வந்து எடுக்கிறன்.