பாஸ்போர்ட் ஸ்டிக்கர் காசுல ஓடுற தூதரகங்கள்

ஆப்கானிஸ்தான் தூதரகங்கள் 2021க்கு அப்புறம் விட்ட நோட்டீஸ்களை வரிசையா படிச்சுப் பாருங்க, ஒரு மாதிரி தலை சுத்தும். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு ஆபீஸ் லீவுன்னு ஒண்ணு இருக்கும். அதுக்குக் கீழ பாஸ்போர்ட் காலாவதி ஆனவங்க என்னென்ன பேப்பர் கொண்டு வரணும், போட்டோ எப்படி இருக்கணும்னு ஒண்ணு. அதுக்கும் கீழ, பொண்ணுங்க யுனிவர்சிட்டிக்குப் போகக்கூடாதுன்னு தாலிபான் போட்ட உத்தரவை வன்மையா கண்டிக்கிறோம்னு ஒண்ணு. எல்லாத்துக்கும் அதே லெட்டர்ஹெட், தாலிபானுக்கு முன்னாடி இருந்த குடியரசோட அதே கருப்பு சிவப்பு பச்சை கொடி. சொந்த நாட்டுத் தலைநகர்ல ஆட்சி பண்றவங்களையே ஒரு தூதரகம் கண்டிச்சு அறிக்கை விடுதுன்னா அது யாரோட தூதரகம்?

இதுக்கு சட்டத்துல ஒரு பதில் இருக்கு, நடைமுறைல வேற ஒரு பதில் இருக்கு. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியமா படுது, ஏன்னா காசு விஷயம் அங்கதான் இருக்கு.

2021 ஆகஸ்ட் 15 காபூல் தாலிபான் கைக்குப் போச்சு, அதிபர் அஷ்ரஃப் கனி நாட்டை விட்டுக் கிளம்பிட்டார், ஆனா புது ஆட்சிய அப்ப எந்த நாடும் அங்கீகரிக்கல, அதனால பழைய குடியரசு நியமிச்ச தூதர்கள் இருந்த இடத்துலயே இருந்தாங்க. சம்பளம் அனுப்ப வேண்டிய வெளியுறவு அமைச்சகம் தாலிபான் வசம். சம்பளம் நின்னு போச்சு, ஆனா வாடகையும் கரண்ட் பில்லும் நிக்குமா? கைல மிச்சம் இருந்த வருமானம் கான்சுலர் கட்டணம் மட்டும்தான். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், ஊர்ல இருக்கிற நிலத்தை விக்க பவர் எழுதிக் குடுக்கிறது, தஸ்கிரான்னு சொல்ற அவங்க அடையாள அட்டையை சரிபார்த்துக் குடுக்கிறது, இப்படி. புது பாஸ்போர்ட் புக்லெட் காபூல்லேர்ந்துதான் வரணும், அது வராது, அதனால பல இடத்துல பழைய பாஸ்போர்ட்டுக்கே தேதிய நீட்டிச்சு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தாங்க. அகதியாவோ ஸ்டூடண்டாவோ வெளிநாட்டுல இருக்கிற ஒரு ஆப்கன் குடும்பம் அந்த ஸ்டிக்கருக்குக் கட்டின காசுலதான் அந்தக் கட்டடத்துல லைட் எரிஞ்சுது, அந்தக் கண்டன அறிக்கையும் டைப் ஆச்சு.

அந்த அறிக்கைகள் பத்தியும் சொல்லியே ஆகணும். நிறைய பேர் அதைப் பாத்து கிண்டல் பண்றாங்க, 'ஆழ்ந்த கவலை' 'வன்மையான கண்டனம்'னு அரைச்ச மாவையே அரைக்கிறாங்கன்னு. எனக்கும் அலுப்பு வரும்தான். ஆனா எதுக்கெல்லாம் அறிக்கை விட வேண்டி இருந்துச்சுன்னு பாத்தா அலுப்பு அவங்க எழுத்துல இல்லைன்னு புரியும். 2021 செப்டம்பர்ல ஆறாம் கிளாஸுக்கு மேல பசங்களுக்கு மட்டும் ஸ்கூல் திறந்தாங்க. 2022 மார்ச் 23 அன்னைக்கு பொண்ணுங்களுக்கும் திறக்கிறோம்னு சொல்லி, பொண்ணுங்க யூனிஃபார்ம் போட்டு வந்து கிளாஸ்ல உக்காந்த சில மணி நேரத்துல வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பினாங்க. 2022 டிசம்பர் 20 யுனிவர்சிட்டி தடை, நாலே நாள்ல என்ஜிஓ வேலைக்கும் தடை. 2023 ஏப்ரல்ல ஐநா அலுவலகங்கள்ல வேலை பாக்குற ஆப்கன் பெண்களுக்கும் தடை, ஜூலைல பியூட்டி பார்லர் எல்லாம் மூடல். 2024 ஆகஸ்ட்ல 35 ஷரத்து உள்ள ஒழுக்கச் சட்டம், பெண்ணோட குரல் வெளிய கேக்கிறதே மறைக்க வேண்டிய ஒண்ணுன்னு அதுல எழுதி வச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல நர்சிங்கும் பிரசவம் பாக்குற படிப்பும் கூட போச்சு. ஆண் டாக்டர் பெண் நோயாளிய பாக்குறதுக்கே ஆயிரம் கட்டுப்பாடு இருக்கிற ஊர்ல நர்ஸையும் படிக்க விடலன்னா பிரசவம் யார் பாப்பாங்கன்னு கேட்டா பதில் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நோட்டீஸ். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுத வச்சது எழுதினவங்க இல்ல.

இந்தக் கூட்டத்துல எனக்குப் பிடிச்ச ஆள் ஆஸ்திரியா தலைநகர் வியன்னால தூதரா இருக்கிற மனீஷா பக்தாரி. பத்திரிகைக்காரரா இருந்தவர், காபூல் யுனிவர்சிட்டில பாடம் எடுத்தவர், முன்னாடி நார்வேல தூதரா இருந்தவர், ஆஸ்திரியாவுக்கு வந்த வருஷமே காபூல் விழுந்துடுச்சு. தாலிபான் அவரை பதவி நீக்கம் பண்ணினதா சொன்னாங்க, அந்தம்மா கண்டுக்கவே இல்ல, நீங்க யாரு என்னை நீக்கன்னு வேலையப் பாத்துட்டு இருந்தார். வியன்னால ஐநாவோட அலுவலகமும் இருக்கிறதால மேடைக்குப் பஞ்சமில்ல, போற இடமெல்லாம் பாலின ஒதுக்கல்னு, அதாவது தென்னாப்பிரிக்கால நிறத்தை வச்சு பண்ணினதை இங்க பெண்ணுங்கிறதை வச்சு பண்றாங்கன்னு பேசுறார். பேச்சோட நிறுத்தாம ஊர்ல இருக்கிற பொண்ணுங்க படிப்புக்கு உதவ ஒரு ஏற்பாடும் பண்ணியிருக்கார். அவரைப் பத்தி டாக்குமெண்டரியே வந்தாச்சு.

சரி, தாலிபான் இதையெல்லாம் எப்படி எதிர்கொண்டாங்க? அறிக்கைக்கு பதில் அறிக்கை விட்டு இல்ல. 2024 ஜூலை 30 அன்னைக்கு காபூல் வெளியுறவு அமைச்சகம் ஒரு நோட்டீஸ் விட்டுச்சு. லண்டன், பெர்லின், பான், வியன்னா, பாரிஸ், ரோம், கான்பெரா, ஒட்டாவான்னு ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியால இருக்கிற 14 தூதரகம், கான்சுலேட்கள்ல குடுக்கிற பாஸ்போர்ட், விசா, சான்றிதழ் எதையும் இனிமே ஏத்துக்க மாட்டோம், எங்களோட சேர்ந்து வேலை செய்ற தூதரகத்துக்குப் போங்கன்னு. அந்த நோட்டீஸ்ல பெண்ணுரிமை பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனா குறி பாத்து அடிச்ச இடம் அதுதான். லண்டன்ல சான்றிதழ் வாங்கினா காபூல்ல செல்லாதுன்னா எவன் வந்து கட்டணம் கட்டுவான்? கட்டணம் வரலன்னா மாசக் கடைசில வாடகை எங்கேர்ந்து வரும்? குரல்வளைய நெரிக்க வேண்டாம், கல்லாப்பெட்டிய சாத்தினா போதும்னு அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. ரெண்டு மாசம் கூட முழுசா ஆகல, செப்டம்பர் 27 லண்டன் தூதரகம் மூடியாச்சு, அதுக்குக் காரணமா பிரிட்டனோட கோரிக்கைன்னு வேற சொன்னாங்க. ஓஸ்லோவும் அதே மாசம் மூடல். வாஷிங்டன் அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2022 மார்ச்ல, பேங்க் கணக்கு முடங்கினதால போயிடுச்சு, அடுத்தடுத்து ரெண்டு பெண்கள், ரோயா ரஹ்மானியும் ஆதேலா ராஸும், தூதரா இருந்த இடம் அது.

டெல்லிய பத்தி தனியா சொல்லணும். சாணக்யபுரில சாந்திபாத் ரோட்டுல இருக்கிற ஆப்கன் தூதரகம் 2023 அக்டோபர் 1லேர்ந்து வேலைய நிறுத்துறோம்னு நோட்டீஸ் விட்டுச்சு, ஆள் இல்ல, காசு இல்ல, இடம் குடுத்திருக்கிற நாடான இந்தியாவோட ஆதரவும் இல்லைன்னு வெளிப்படையாவே எழுதினாங்க. நவம்பர்ல நிரந்தரமா மூடினாங்க. கொடிய மட்டும் இறக்கிடாதீங்கன்னு இந்திய அரசாங்கத்துக்கு கோரிக்கை வச்சாங்க, அது நடந்துச்சு, கொடி இறங்கல. மும்பை, ஹைதராபாத் கான்சுலேட் ஆளுங்க பொறுப்பெடுத்து கொஞ்ச நாள் ஓட்டினாங்க. 2024ல மும்பை கான்சல் ஜெனரலா இருந்த பெண்மணி 25 கிலோ தங்கத்தோட ஏர்போர்ட்ல பிடிபட்டதா செய்தி வந்து அவரும் ராஜினாமா. (பழைய குடியரசு ஆளுங்க எல்லாரும் தியாகிகள்னு நான் எங்கயும் சொல்லல. ஊழல்ல ஊறின அரசாங்கத்தோட மிச்சம்தான் இவங்களும்.)

அப்புறம் 2025 அக்டோபர். தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி டெல்லி வந்தார், ஐநா தடைப் பட்டியல்ல பேர் இருக்கிறதால பயணத்துக்கே தனியா விலக்கு வாங்கி வந்த ஆள். அக்டோபர் 10 அன்னைக்கு அதே தூதரகக் கட்டடத்துல பிரஸ் மீட். உள்ள விட்டது ஆண் நிருபர்களை மட்டும். இந்தியத் தலைநகர்ல, வருஷக்கணக்கா வெளியுறவு செய்தி எழுதுற பெண் நிருபர்கள் கேட்டுக்கு வெளிய. அவர் உக்காந்த இடத்துக்குப் பின்னாடி சுவத்துல பாமியான் புத்தர் சிலை படம், 2001ல இவங்க ஆட்சில வெடி வச்சு தகர்த்த அதே சிலை, பழைய தூதரகம் மாட்டி வச்சிருந்தது அப்படியே இருந்திருக்கு. கூட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு இந்திய வெளியுறவு அமைச்சகம் கை கழுவிடுச்சு. எடிட்டர்ஸ் கில்டும் பெண் பத்திரிகையாளர் அமைப்பும் சத்தம் போட்ட பிறகு அக்டோபர் 12 இன்னொரு பிரஸ் மீட், இந்த தடவை பெண்கள் முன் வரிசைல. போன தடவை என்ன ஆச்சுன்னு கேட்டதுக்கு டெக்னிக்கல் பிரச்சனை, அவசரத்துல ஆள் பட்டியல் சின்னதா போட்டுட்டோம்னு பதில் வந்துச்சு. பெண்கள் பக்கம் நின்னு நோட்டீஸ் எழுதிட்டு இருந்த தூதரகம் காலியானா அந்த அறைக்கு என்ன ஆகும்னு இதுக்கு மேல யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்ல.

இப்ப அந்த சட்டப் பதிலுக்கு வரேன், ஏன்னா பேப்பர்ல எழுதினதுக்கு சில சமயம் பல்லும் இருக்கு. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கிற ஐநா ஒப்பந்தத்துல ஆப்கானிஸ்தான் 2003 மார்ச்ல சேர்ந்துச்சு, எந்த ஷரத்தையும் ஏத்துக்க மாட்டோம்னு விலக்கு கேக்காமலே. பல நாடுகள், இந்தியாவும் சேத்துதான், 29ஆவது ஷரத்துக்கு நாங்க கட்டுப்பட மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டுதான் கையெழுத்து போட்டுச்சு. ஆப்கானிஸ்தான் அப்படி எழுதல. அந்த ஷரத்துல என்ன இருக்குன்னா, ஒரு உறுப்பு நாடு ஒப்பந்தத்தை மீறினா இன்னொரு உறுப்பு நாடு முதல்ல பேசிப் பாக்கணும், சரிவரலன்னா நடுவர் ஏற்பாட்டுக்குக் கூப்பிடணும், ஆறு மாசத்துல அதுவும் கூடி வரலன்னா ஹேக்ல இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம். 2024 செப்டம்பர்ல ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, நெதர்லாந்து நாலும் சேர்ந்து இந்த வழியதான் கைல எடுத்தாங்க. அரசாங்கத்தை அங்கீகரிக்காமலே நாட்டை பொறுப்பாக்க முடியும்ங்கிறது இதுல இருக்கிற சூட்சுமம். ஐநால ஆப்கானிஸ்தான் சீட்டும் இதே மாதிரிதான், தாலிபான் கேட்டும் சான்று சரிபார்க்கிற கமிட்டி 2021லேர்ந்து முடிவ தள்ளிப் போட்டுட்டே வருது, பழைய மிஷன்ல இருந்த நசீர் அஹமது ஃபாயிக் அந்த இடத்துலேர்ந்து பேசிட்டு வந்திருக்கார். இது தவிர 2025 ஜூலை 8, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பாலின அடிப்படையிலான கொடுமைக்காக கைது வாரண்ட் போட்டுச்சு. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் ரஷ்யா தாலிபானை முறைப்படி அங்கீகரிச்சுது, எப்படி இருக்கு பாருங்க.

ரஷ்யாவையாவது புரிஞ்சுக்கலாம், எனக்குக் கோபம் ஜெர்மனி மேலதான். ஒரு பக்கம் பெண்ணுரிமைக்காக கேஸ் போடுற வழில இறங்கின நாலு நாட்டுல ஒண்ணு. இன்னொரு பக்கம் தண்டனை வாங்கின ஆப்கன்களை திருப்பி அனுப்ப ஆள் வேணும்னு 2025 ஜூலைல தாலிபானோட ரெண்டு கான்சுலர் அதிகாரிகளை உள்ள விட்டாங்க. அந்த மாசமே ஒரு ஃப்ளைட்ல 81 பேர் போனாங்க. பான் கான்சுலேட்ல இருந்த பழைய ஊழியர்கள் இதை எதிர்த்து மொத்தமா ராஜினாமா பண்ணினாங்க, அவங்களோட பெரிய பயம் அங்க இருக்கிற ஃபைல்கள் பத்தி.

ஃபைல்கள்னு சொல்றது சும்மா இல்ல. ஒரு ஆப்கன் பொண்ணு, ஊர்ல போராட்டத்துல கலந்துக்கிட்டு தப்பிச்சு வந்தவ, வெளிநாட்டுல ஸ்டிக்கருக்கு அப்ளை பண்ணினப்ப தன்னோட அட்ரஸ், ஃபோன் நம்பர், அப்பா பேர், ஊர்ல இருக்கிற வீடு எல்லாம் எழுதிக் குடுத்திருப்பா, ஏன்னா எதிர்ல இருந்தவங்க பழைய குடியரசோட மூவர்ணக் கொடிக்காரங்க. 2020ல தான் தஸ்கிரால அம்மா பேரையும் போடலாம்னு பெண்கள் வருஷக்கணக்கா போராடி சட்டத்தை மாத்தி வச்சாங்க, பேர் பதிவுல வர்றதே உரிமையா இருந்துச்சு. அதே பதிவு இன்னைக்கு யார் கைக்குப் போகுதுங்கிறதுல அவ அண்ணன் தம்பி உசுரு இருக்கு.

நாடுகள் நினைச்சா இதுக்கு வழி இல்லாம இல்ல. 2024 அக்டோபர் 4 ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் ஆஸ்திரியா கேஸ் ஒண்ணுல, ஆப்கன் பெண்ணுங்கிற அந்த ஒரு விஷயமே அகதி அந்தஸ்து குடுக்கப் போதும், தனியா மிரட்டல் இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரும் நிரூபிக்க வேண்டாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து அதுக்கு முன்னாடியே அப்படி செஞ்சுட்டு இருந்தாங்க. அகதி அந்தஸ்து கிடைச்சா அந்த நாடே பயணப் பத்திரம் குடுத்துடும், எந்தத் தூதரகத்து வாசலுக்கும் போக வேண்டாம். ஆனா படிக்க வந்தவங்க, வேலை விசால இருக்கிறவங்க, கல்யாணம் ஆகி வந்தவங்க எல்லாம் விசா புதுப்பிக்க செல்லுபடியாகிற பாஸ்போர்ட் காட்டணும், ஸ்டிக்கர் தேதி முடிஞ்சா தாலிபான் ஆள் உக்காந்திருக்கிற கவுண்டர்தான். அவங்களுக்கும் பாஸ்போர்ட் இல்லாமலே விசா புதுப்பிச்சுக் குடுக்க, இல்ல வெளிநாட்டவருக்கான பயணப் பத்திரம் குடுக்க, அந்தந்த நாட்டு குடியேற்றத் துறை ஒரு சர்க்குலர் போட்டா போதும், அதுக்கு ஹேக் வரைக்கும் போக வேண்டியதில்ல.