இடப்பக்கம் என்றதுமே புரிந்திருக்க வேண்டும்

எங்கள் பையனுக்கு 14 வயது, வலக்கை வேகப்பந்து வீச்சாளன். இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் மட்டும் வலி, அதுவும் பந்து வீசும்போதும் பின்னால் வளையும்போதும். "தசைப் பிடிப்பு, ஜெல் தடவுங்க" என்றார் முதலில் பார்த்த டாக்டர். எக்ஸ்ரே நார்மல். அதை நம்பி மறுபடி நெட் பயிற்சிக்கு அனுப்பியதில் 5 வாரம் வீண்.

வேகப்பந்து வீசுகிற பிள்ளைக்கு, வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் முதுகு வலித்தால் முதல் சந்தேகம் கீழ் முள்ளெலும்பின் பின்பகுதியில் விழும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர் (திரும்பத் திரும்ப இறங்கும் பாரத்தால் வரும் எலும்பு விரிசல்) மீதுதான் இருக்க வேண்டும். முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, திருகவும் செய்கிறது. அத்தனை பாரமும் எதிர்ப்பக்கத்து மெல்லிய எலும்புப் பாலத்தில் (பார்ஸ்) இறங்கும். இந்த வயதில் உயரம் மளமளவென்று ஏறும். எலும்பு இறுகுவது பின்தங்கும். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் சிக்காது.

எம்ஆர்ஐயிலும் ஏமாறலாம். ஸ்கேனுக்கு டாக்டர் எழுதும் சீட்டில் வெறுமனே "முதுகு வலி" என்றிருந்தால் டிஸ்க்கையும் நரம்பையும் பார்த்து ரிப்போர்ட் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் இரண்டாம் முறை பணம் கட்டியது அதனால்தான். "வலக்கை வேகப்பந்து, இடப்பக்க வலி, எல்5 பார்ஸ் பகுதியில் ஸ்ட்ரெஸ் காயமா, ஸ்டிர் படமும் தேவை" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்5 என்பது இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு. எலும்புக்குள் கோத்திருக்கும் நீர், ஸ்டிர் என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரியும். சிடி ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. டாக்டரே கேட்டாலொழிய அவசரப்பட வேண்டாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் இருந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அறுவை சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம். பந்துவீச்சை நிறுத்தி, பிசியோ சொல்லும் வயிறு, இடுப்புப் பயிற்சிகள். சிக்கல் எங்கே என்றால், சில வாரத்திலேயே வலி போய்விடும், எலும்பு சேர மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். "வலிதான் இல்லையே, ரெண்டு ஓவர் போடட்டும்" என்று கோச் கூப்பிடுவது சரியாக இந்த இடைவெளியில்தான். மாத்திரை போட்டுக்கொண்டு வீசவே கூடாது.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் "ஓய்வு" என்று மட்டும் இருந்தால் பி.டி. மாஸ்டர் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். ஓட்டம், குதித்தல், பந்துவீச்சு என்று பெயர் சொல்லி, தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

திரும்பும்போது முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு குறுகிய ரன்-அப், அப்புறம்தான் முழு வேகம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரிய வழிகாட்டுதலில் 15 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவேளை இல்லாமல் ஒருவர் வீசும் சுற்று) அதிகபட்சம் 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர். பள்ளி, கிளப், அகாடமி என மூன்று இடத்தில் வீசுகிறவனின் பந்துகளைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. இப்போது நெட் பந்தையும் சேர்த்து நோட்டில் எழுதுகிறோம். போன வாரம் கோச்சே அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போதும்டா" என்றார்.