பிடி வேறு, அலகு வேறு: ஒரு பழைய தல்வாரைப் படித்த விதம்

பழைய வாள் ஒன்று கைக்கு வந்தால் முதலில் கை பரபரப்பது துருவைத் தேய்க்கத்தான். உப்புத்தாளையும் புளியையும் தூர ஒதுக்கி வைத்துவிடுங்கள். அடையாளம் காண உதவும் தடயங்களில் பாதி அந்தத் துருவுக்குள்ளும் அழுக்குக்குள்ளும்தான் இருக்கின்றன. தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இங்கே சொல்வது ஒரே ஒரு தல்வாரைப் பற்றி. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் புழங்கிய வளைந்த வாள். பிடியின் தலையில் வட்டத் தட்டு இருக்கும். விற்றவர் இதைத் ‘திப்பு வாள்’ என்றார். திப்பு சுல்தானின் வாள் ஒன்று 2023-ல் லண்டன் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் போனது. சந்தையில் ஊர் பேர் தெரியாத வாளுக்கெல்லாம் மைசூர் வம்சாவளி சொல்வது சகஜம். விற்பவர் சொல்லும் கதையைத் தனித்தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு, அளவெடுப்பதில் தொடங்குவதே நல்லது.

தேவையானவை துணி டேப், வெர்னியர் காலிப்பர், சமையலறைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். பிடியிலிருந்து முனைவரை நேர்கோட்டில் 74 செ.மீ., மொத்த எடை 920 கிராம். தல்வாருக்கு இவை சாதாரண அளவுகள்தான். உண்மையில் பேசுவது முதுகின் தடிமன். பிடியருகே 7.2 மி.மீ., நடுவில் 4.6, முனைக்குப் பத்து செ.மீ. முன்னால் 2.8. கொல்லன் அடித்து நீட்டிய அலகு இப்படித்தான் படிப்படியாக மெலியும். சுற்றுலாக் கடைக்காகத் தகட்டில் வெட்டிய வாளை அளந்தால் தொடக்கம் முதல் முனைவரை அதே மூன்று மி.மீ. சொல்லும், கையில் பிடித்தால் முன்பக்கம் கனத்துத் தொங்கும். காலிப்பரை மூன்று இடத்தில் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போலிகளில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். காந்தத்தை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கத்தி செய்யப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் எஃகிலும் காந்தம் ஒட்டும். பிடி இரும்பா, இரும்பு நிறம் பூசிய பித்தளையா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

அடுத்து அலகின் அடிப்பகுதி. இந்த வாளில் பிடியிலிருந்து நாலு செ.மீ. வரை கூர் கிடையாது, தட்டையாக விடப்பட்டிருக்கிறது. இந்தியப் பட்டறையில் செய்த அலகுகளில் இதைப் பரவலாகக் காணலாம். பாரசீக ஷம்ஷீரில் பொதுவாகக் கூர் பிடியடியிலேயே தொடங்கிவிடும். பாரசீக எழுத்து பொறித்திருப்பதை மட்டும் வைத்து ‘இரானிய வாள்’ என்று விற்பவரிடம் இந்த நாலு செ.மீ.யைக் காட்டலாம். இஸ்ஃபஹானின் அசதுல்லா என்ற புகழ்பெற்ற கொல்லரின் பெயர் எண்ணற்ற அலகுகளில் இருக்கிறது. அத்தனையையும் ஒருவர் அடித்திருக்க முடியாது. அந்தப் பெயரை ஒரு தர முத்திரை போலத்தான் கொள்ள வேண்டும்.

நம் அலகில் பெயர் இல்லை. லூப் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது முதுகுப் பக்கம் ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு அரபு எண்: 2, 4, 6, 8. இதை ஆண்டு என்று படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு. ‘பதூஹ்’ என்னும் காப்புச் சதுரம் இது, தாயத்து மாதிரி. ஆண்டு என்றால் ஹிஜ்ரியில் நாலிலக்க எண்ணாக வரும். 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் கி.பி. கிட்டத்தட்ட வந்துவிடும்: 1200 என்றால் 1786 வாக்கில். விக்கிரம சம்வத்து என்றால் 57-ஐக் கழிக்க வேண்டும். புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்து இருந்தால் நிதானமாகப் பாருங்கள். பிகானேர் ஆயுதசாலையில் அப்படிக் குறித்து வைத்தார்கள். அரைநிலா வடிவில் பல்பல்லாக இரண்டு வளைவுகள் இருந்தால் அது ஐரோப்பிய முத்திரை. ஆனால் இந்தியக் கொல்லர்கள் அதையும் தாராளமாக நகல் எடுத்திருக்கிறார்கள். ‘மோல்’, ‘பர்மிங்ஹாம்’ என்று இருந்தால் இந்தியக் குதிரைப்படைக்காக இங்கிலாந்தில் செய்த அலகு.

பிடியை ஆட்டினால் லொடலொடத்தது. தல்வாரின் பிடி உள்ளே குழிவான இரும்பு. அலகின் வால் அதற்குள் பாதிவரைதான் போகும்; மேல்தட்டைத் துளைத்து வெளியே வருவதில்லை, ஆணியும் கிடையாது. பிடித்து வைத்திருப்பது அரக்குதான். நம் ஊர் அரிவாளுக்குப் பூண் மாட்டி இறுக்கும் வேலையைத் தல்வாரில் அரக்கும் செங்கல் தூளும் பார்த்துக்கொள்கின்றன. நூறு வருஷத்தில் அரக்கு சுண்ணாம்பு போல உதிர ஆரம்பிக்கும்.

கழற்ற நெருப்பு வேண்டாம். பிடியில் தங்க, வெள்ளி வேலை இருந்தால் தீயில் அது உரிந்துவிடும். அலகுக்கு ஈரத்துணி சுற்றி, பிடியை மட்டும் ஹீட் கன்னில் குறைந்த சூட்டில், தூரத்திலிருந்து, திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அரக்கு 70 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். கையுறையோடு மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் சூடு. சுத்தியல் தொடவே கூடாது, காவல் குச்சிகள் (கையைக் காக்கும் குறுக்குக் கம்பிகள்) பட்டென்று ஒடியும். முன்பு யாராவது எபாக்ஸி ஊற்றியிருந்தால் தொல்லைதான். அது இளக அதிகச் சூடு வேண்டும், அந்தச் சூடு வெள்ளி வேலைக்கு ஆபத்து. அப்படிப்பட்ட பிடியைக் கழற்றாமல் விட்டுவிடுவதே மேல்.

கழற்றியதில்தான் விஷயம் வெளிப்பட்டது. பிடியின் வாய்ப் பிளவு 9.5 மி.மீ., அலகின் தடிமன் 7.2. இடைவெளியில் இரண்டு செப்புத் தகடுகளைச் சொருகி இறுக்கியிருந்தார்கள். இந்தப் பிடி இந்த அலகுக்காகச் செய்ததல்ல. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நல்ல அலகு தலைமுறை தாண்டும், பிடி அவ்வப்போது மாறும். ஆகவே வயதையும் ஊரையும் அலகுக்குத் தனியாக, பிடிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிடியின் வடிவத்தைப் பார்த்து மொத்த வாளையும் உதய்ப்பூருக்கோ டெல்லிக்கோ எழுதிக் கொடுப்பது சேகரிப்பாளர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். தவறான பழக்கம்.

இனி துரு. செந்துருவுக்கு மட்டும்தான் வைத்தியம். இறுகிப்போன கரும்படலம் இரும்புக்குக் கவசம், அது அப்படியே இருக்கட்டும். தையல் மெஷின் எண்ணெயைத் தடவி மூன்று நாள் ஊறவிட்டு, செம்புத் தகட்டின் ஓரத்தால் சுரண்டி, பிறகு நாலு பூஜ்ய எஃகுக் கம்பளியால் எண்ணெயோடு அலகின் நீளவாக்கில் தேய்த்தால் போதும். பஃப் சக்கரம் வேண்டவே வேண்டாம். காடியின் (அலகின் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தின்) விளிம்பு மழுங்கும், சூட்டில் அலகின் பதமும் கெடும். புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றைப் பித்தளைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோஃப்த்காரி வேலையில் தங்கக் கம்பி, இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகளில் அடித்துப் பற்றவைத்தது. அமிலம் அந்த இரும்பைத் தின்றால் தங்கம் செதில் செதிலாகக் கழன்று கையில் வரும்.

உள்ளே மூசை உருக்கு (மண் மூசையில் உருக்கிய பழைய எஃகு) இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அலகு முழுவதையும் நனைக்க வேண்டியதில்லை. பிடியருகே, பார்வைக்குப் படாத பக்கத்தில், ஒரு செ.மீ.க்கு இரண்டு செ.மீ. ஜன்னல் போதும். 400, 800, 1200 எண் தாள்களால் அந்த இடத்தை மட்டும் மெருகேற்றி, அசிடோனால் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க எடுக்க வேண்டும். விரல் ரேகை பட்டாலும் அங்கே அமிலம் பிடிக்காது, திட்டாகத் தெரியும். சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடு சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். தூளாக என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 40 கிராம். தூளைத்தான் நீரில் போட வேண்டும், தூள்மேல் நீரை ஊற்றக்கூடாது, சூடு ஏறும். பஞ்சில் நனைத்து இருபது விநாடி ஒற்றி, கழுவி, பார்க்க வேண்டும். போதவில்லையா, மறுபடி இருபது விநாடி. ஒரேயடியாக ஐந்து நிமிடம் வைத்தால் மேற்பரப்பு கறுத்து, கோலம் கறுப்புக்குள் மூழ்கிவிடும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, வெந்நீர் ஊற்றி, ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே எண்ணெய்.

மூன்றாவது ஒற்றலில் தெரிந்தது. சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளை இழைகள், தண்ணீரில் பால் சொட்டுவிட்டுக் கலக்காமல் விட்டது போல. இழைக்கு நீளமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. மூசையில் உருக்கிய அதிகக் கரி உருக்கில் கார்பைடு துகள்கள் வரிசை கட்டுவதால் வரும் கோலம் இது. கொடுமணலிலும் இன்றைய தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும் அடையாளம் கண்டிருக்கும் மூசை உருக்கு மரபு இதுதான். இன்றைய ‘டமாஸ்கஸ்’ கத்திகள் வேறு வகை. இரண்டு எஃகுகளை அடுக்கடுக்காகப் பற்றவைத்தவை. அவற்றில் கோடுகள் அறுபடாமல் ஓடும், நிக்கல் இருப்பதால் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். லூப்பில் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு குழப்பம் வராது.

கட்டாரிக்கும் (குறுக்குப் பிடி வைத்த குத்துவாள்) இதே வரிசைதான். பார்க்கும் இடம் மட்டும் மாறும். தென்னிந்தியக் கட்டாரிகளில் கைக்கு மேல் பாய்மரம் போல் வளைந்த காவல் தகடு இருந்தால், அலகு பெரும்பாலும் ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்க வாய்ப்புண்டு. காடிகளைப் பின்தொடர்ந்து போங்கள். அவை முனைக்கு முன் அழகாக முடியாமல் அப்படியே ஓடி விளிம்பில் விழுந்தால், அது வெட்டிய அலகு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரில் பார்த்து ஆணித்தகடுகளைக் கவனித்தால் ஒரு மாதப் படிப்பு மிச்சம். பிடிக்கம்பிகள் சேரும் இடத்தில் ஆர்க் வெல்டிங்கின் மணிமணியான தழும்பு தெரிந்தால் கீழே வைத்துவிடலாம். அழுத்தினால் கத்தரிக்கோல் போல விரியும் கட்டாரியை விளையாட்டுச் சாமானாகவே எண்ணுங்கள்.

கேடயத்தில் முன்பக்க நாலு குமிழ்களும் வெறும் அலங்காரம் அல்ல. பின்னால் கைப்பிடி வளையங்களின் ஆணி அங்கேதான் முடியும். குமிழ் முன்பக்கத்தில் ஓரிடத்திலும் வளையம் பின்பக்கத்தில் வேறிடத்திலும் இருந்தால் சந்தேகம் வரவேண்டும். தோல் கேடயம் காண்டாமிருகத் தோலாக இருந்தால் வன உயிரினச் சட்டம் குறுக்கே வரும்; தந்தப் பிடிக்கும் அப்படித்தான். வாங்குமுன் வழக்கறிஞர், பிறகுதான் விலை பேச்சு. நூறு ஆண்டு தாண்டிய பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. தாண்டவில்லை என்றாலும், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று கையில் இல்லாமல் பார்சலை அனுப்பினால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

பிடியைத் திரும்ப மாட்ட, பொடித்த அரக்கு இரண்டு பங்கு, சலித்த செங்கல் தூள் ஒரு பங்கு. குழிக்குள் முக்கால் அளவு நிரப்பி, பிடியைச் சூடாக்கி, இளகியதும் அலகின் வாலை நேராக இறக்கி, ஆறும்வரை செங்குத்தாகக் கட்டி நிறுத்த வேண்டும். அந்தச் செப்புத் தகடுகள் இரண்டும் பழைய இடத்துக்கே போயின. தோல் உறைக்குள் வாளை வைத்துச் சேமிக்கக்கூடாது, தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் சிக்குப் பிடித்துப் புளிக்கும், பித்தளையில் பச்சை பூக்கும். தையல் மெஷின் எண்ணெயை மெலிதாகத் தடவுங்கள். கடலோர ஊரென்றால் மாதம் ஒருமுறை.

கடைசியாகப் பிடியில் பருத்தி நூலால் ஒரு அட்டை. அதில் எழுதியது: “தல்வார். அலகு: மூசை உருக்கு, இந்திய வேலை, பதூஹ் சதுரம் உண்டு, தேதி இல்லை. பிடி: இரும்பு, வெள்ளி வேலையின் எச்சம், அலகுக்குப் பின் மாற்றியது, செப்புத் தகடு இரண்டு. அரக்கு புதிது. மைசூர் என்று விற்றவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை.”